கட்டுமானத் தளத்தில் தகவல் தொடர்புத் தொழில்நுட்பம்: கேள்வி பதில்

சிறிய, நடுத்தர ஒப்பந்ததாரர்களின் வேலைகளில் கணினிப் பதிவு முறைகளை அமைத்துக் கொடுக்கும் கட்டடப் பொறியாளராகப் பதினாறு ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். கட்டுமானத் துறை தகவல் தொடர்புத் தொழில்நுட்பத்தைக் கைக்கொள்வது பற்றி வந்த கேள்விகளுக்கு, தளத்தில் கண்டதைக் கொண்டு பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (ஒப்பந்ததாரர், கோயம்புத்தூர்): ஐயா, ஒரே நேரத்தில் நான்கைந்து வீட்டு வேலைகளை எடுத்துச் செய்கிறேன். அலுவலகத்தில் மூன்று பேரும் தளங்களில் மூன்று பொறியாளர்களும் இருக்கிறார்கள். ஈஆர்பி மென்பொருள் வாங்கும்படி ஒரு விற்பனையாளர் வற்புறுத்துகிறார். வாங்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். ஈஆர்பி என்பது கொள்முதல், கையிருப்பு, கூலி, கணக்கு ஆகிய அனைத்தையும் ஒரே இடத்தில் இணைப்பது. அந்த இணைப்பு பயன் தர வேண்டுமானால், தளத்தில் இறங்கும் ஒவ்வொரு லோடும் இறங்கிய அன்றே, இறங்கிய இடத்திலேயே பதிவாக வேண்டும். எம்-சாண்ட் லாரியின் சீட்டை ஸ்டோரில் கம்பியில் குத்தி வைத்துவிட்டு, மாதக் கடைசியில் ஒருவர் உட்கார்ந்து மொத்தமாக ஏற்றுகிற பழக்கம் உங்களிடம் இருந்தால், எவ்வளவு விலை உயர்ந்த மென்பொருளும் அந்த மாதக் கடைசிக் கணக்கைத்தான் உங்களுக்குக் காட்டும்.

வரைபடப் பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள். என் பணியின் தொடக்கக் காலத்தில், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் லிஃப்ட் சுவருக்கான கம்பி விவரத்தைக் கட்டமைப்புப் பொறியாளர் மாற்றி, மூன்றாம் திருத்தத்தை மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார். அலுவலகத்தில் அது திறக்கப்பட்டது; ஆனால் கம்பி கட்டும் குழுவின் கையில் இரண்டாம் திருத்தத்தின் அச்சுப் பிரதியே இருந்தது. கான்கிரீட் ஊற்றுவதற்கான சென்ட்ரிங் பலகை அடைத்த பிறகுதான் தவறு தெரிந்தது. பலகையைப் பிரித்து, கம்பியை மாற்றிக் கட்டி, மறுபடியும் அடைக்க ஒன்பது நாட்கள் ஆயின. புதிய பிரதியைத் தளத்துக்குக் கொண்டு சேர்க்கும் பொறுப்பு என்னிடம்தான் இருந்தது என்பதால், அந்த ஒன்பது நாட்களையும் நான் மறக்கவில்லை.

இதைத் தடுக்கப் பெரிய செலவு தேவையில்லை. வரைபட எண், திருத்த எண், தேதி, பெற்றுக்கொண்டவர் பெயர் ஆகியவற்றைக் கொண்ட ஒரு விரிதாளும், நடப்பிலுள்ள வரைபடங்கள் மட்டுமே இருக்கும் ஒரு பகிர்வுக் கோப்புறையும் போதும். ஒவ்வொரு அச்சுப் பிரதியிலும் ஒரு க்யூஆர் குறியீட்டை ஒட்டி, அதைக் கைபேசியில் காட்டினால் அந்த வரைபடத்தின் நடப்புத் திருத்த எண் தெரியும்படி செய்துவிட்டால், கம்பி கட்டும் மேஸ்திரியே தன் கையிலுள்ள தாள் பழையதா என்று பார்த்துக்கொள்ள முடியும். பழைய பிரதியைத் திரும்ப வாங்கிக்கொண்ட பிறகே புதியதைக் கொடுக்க வேண்டும். இதை ஆறு மாதம் தவறாமல் நடத்தியபின் ஈஆர்பி பற்றி யோசிக்கலாம்.

கேள்வி (சைட் இன்ஜினியர், மதுரை): எங்கள் தளத்தில் எல்லாத் தகவலும் வாட்ஸ்அப் குழுவிலேயே போகிறது. இதற்கு மேல் என்ன தேவை, சார்?

பதில்: செய்தியைச் சேர்ப்பதற்கு வாட்ஸ்அப் மிகவும் நல்லது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது பதிவேடு ஆகாது. வாட்ஸ்அப்பில் ஒரு படத்தைப் படமாக அனுப்பினால் கோப்பு சுருங்கிவிடுவதோடு, எடுத்த நேரம், இடம் போன்ற உள்விவரங்களும் நீங்கிவிடுகின்றன. கான்கிரீட் போடுவதற்கு முன் கம்பி சரியாக இருந்தது என்று இரண்டு ஆண்டுகள் கழித்து நிரூபிக்க வேண்டி வரும்போது அந்த விவரம்தான் உங்களுக்குத் தேவைப்படும். ஆகவே அத்தகைய படங்களை ஆவணமாக அனுப்புங்கள்; மூலக் கோப்பைத் தனியாகவும் சேமியுங்கள். குழுவில் வாய்மொழியாகவோ குரல் பதிவாகவோ எடுக்கப்பட்ட முடிவு எதுவானாலும், மாலையில் எழுதும் தினசரி அறிக்கையில் யார் சொன்னார், எப்போது சொன்னார் என்ற விவரத்துடன் ஏற வேண்டும். ஒரு பொறியாளர் வேலையை விட்டுப் போகும்போது அவருடைய கைபேசியோடு ஒரு கட்டடத்தின் வரலாறே போய்விடுவதை நான் இருமுறை பார்த்திருக்கிறேன்.

கேள்வி (கட்டடக்கலை மாணவி, திருச்சி): பிஐஎம் (கட்டடத் தகவல் மாதிரியாக்கம்) என்பது முப்பரிமாண வரைபடம்தானே? அதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் தருகிறார்கள்?

பதில்: முப்பரிமாணம் அதன் வெளித்தோற்றம் மட்டுமே. 1982இல் ஆட்டோகேட் என்ற வரைவு மென்பொருள் வந்தபோது காகிதத்தில் போட்ட கோடு திரைக்கு மாறியது; ஆயினும் அது கோடாகவே இருந்தது. இரண்டு இணைகோடுகளைப் பார்த்து அது சுவர் என்று புரிந்துகொண்டவர் மனிதர். பிஐஎம் மாதிரியில் சுவர் என்பது சுவராகவே பதிவாகிறது: அதன் தடிமன், பொருள், எந்த மாடியில் நிற்கிறது, அதில் எத்தனை கதவுகள் உள்ளன என்பதெல்லாம் அதனுடனேயே இருக்கின்றன. அதனால்தான் கட்டமைப்புப் பொறியாளரின் உத்தரமும் பிளம்பிங் பொறியாளரின் 110 மில்லிமீட்டர் கழிவுநீர்க் குழாயும் ஒரே இடத்தில் வந்து மோதுவதைக் கட்டுவதற்கு முன்பே கணினி காட்டிக்கொடுக்கிறது. கான்கிரீட் போட்டபின் கோர் கட்டிங் இயந்திரத்தைக் கொண்டுவந்து உத்தரத்தைத் துளைக்கும் காட்சியைக் கண்டவர்களுக்கு இதன் மதிப்பை விளக்க வேண்டியதில்லை.

அரசுகள் தலையிட்ட இடங்களில்தான் இது வேகமாகப் பரவியது. பிரிட்டன் 2011இல் அறிவித்து, 2016 ஏப்ரல் முதல் மத்திய அரசின் கட்டுமானத் திட்டங்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. சிங்கப்பூர் 2013இல் 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களின் கட்டடக்கலை மாதிரிகளில் தொடங்கி, 2015இல் 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்டவை அனைத்துக்கும் அனுமதி விண்ணப்பத்தை மாதிரியாகவே பெறத் தொடங்கியது. நம் நாட்டில் நாக்பூர் மெட்ரோ, காலத்தையும் செலவையும் மாதிரியோடு இணைத்த முயற்சிக்காக அறியப்பட்டது. ஒரு வேண்டுகோள்: எந்த மென்பொருளைப் படித்தாலும் ஐஎஃப்சி என்ற பொது வடிவத்தில் கோப்பை ஏற்றுமதி செய்து, அது வேறொரு மென்பொருளில் எப்படித் திறக்கிறது என்று சோதித்துப் பாருங்கள். வெவ்வேறு நிறுவனங்கள் சேர்ந்து செய்யும் வேலையில் அந்தச் சோதனைதான் முதலில் கேட்கப்படும்.

கேள்வி (கட்டுநர், சேலம்): பிஐஎம் மாதிரியிலிருந்து எடுத்த கணக்கின்படி 11.8 டன் கம்பி போதும் என்றார்கள். 13 டன் வாங்க வேண்டியதாயிற்று. மென்பொருளை நம்புவது தவறா?

பதில்: மென்பொருளிடம் என்ன கொடுத்தீர்கள் என்பதை முதலில் பார்க்க வேண்டும். பல மாதிரிகளில் கம்பி வரையப்பட்டிருக்காது. ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்கு இத்தனை கிலோ என்ற மதிப்பீட்டால் பெருக்கிய எண்ணே கிடைக்கும். அதில் லேப் (இரண்டு கம்பிகள் சேரும் இடத்தில் ஒன்றோடொன்று படியும் நீளம்), வளைவு, மேல் கம்பிகளைத் தாங்க அடியில் வைக்கும் ‘சேர்’ என்ற வளைத்த கம்பி, வெட்டியபின் மிஞ்சும் துண்டு ஆகியவை வருவதில்லை. கம்பி வளைப்புப் பட்டியலை தனியாகத் தயாரித்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னொரு காரணமும் இருக்கலாம். விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதே எண்ணால் பெருக்கி, 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிடைக்கும் என்பது நாம் அனைவரும் அறிந்தது. 8 மில்லிமீட்டர் கம்பிக்கு அது 0.395 கிலோ. ஆனால் இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 1786, 10 மில்லிமீட்டர் வரையிலான கம்பிக்கு 7 விழுக்காடும், 16 வரை 5 விழுக்காடும், அதற்கு மேல் 3 விழுக்காடும் கூடவோ குறையவோ இருக்க இடம் தருகிறது. எடைக்கு வாங்கி நீளத்துக்குப் பயன்படுத்தும்போது இந்த வேறுபாடு உங்கள் பணத்தில்தான் தெரியும். ஆகவே லோடு இறங்கும்போது எடைமேடைச் சீட்டோடு கம்பிகளின் எண்ணிக்கையையும் கைபேசியில் பதிவு செய்யுங்கள். மூன்று லோடுகளுக்குள் உண்மை தெரிந்துவிடும்.

கேள்வி (கொத்தனார் மேஸ்திரி, விழுப்புரத்திலிருந்து சென்னைக்கு வந்து வேலை செய்பவர்): ஐயா, கைரேகை இயந்திரத்தில் எங்கள் ஆட்களில் பலருக்குப் பதிவு விழுவதில்லை. பதிவு விழாத நாளுக்குக் கூலியைப் பிடித்துக்கொள்கிறார்கள். இது நியாயமா?

பதில்: நியாயமே இல்லை, ஐயா. சிமெண்ட்டின் காரத்தன்மையாலும் செங்கல்லின் உராய்வாலும் விரல் ரேகைகள் தேய்ந்துபோவது உங்கள் தொழிலில் இயல்பு. அதற்கான தண்டனையை உழைத்தவர் சுமக்கக் கூடாது. இயந்திரம் பதிவு செய்யத் தவறினால் அன்றே சூப்பர்வைசர் கையெழுத்திட்ட வருகைத் தாள் செல்லுபடியாகும் என்ற விதி எழுத்தில் இருக்க வேண்டும். முகப் பதிவு முறைக்கு மாறும்படியும் கேளுங்கள்.

ஆனால் வருகைப் பதிவையே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். கட்டடத் தொழிலாளர்களுக்கான மத்தியச் சட்டத்தின்படி நலநிதிப் பயனாளியாகப் பதிவு பெற, 18 முதல் 60 வயதுக்குள் இருப்பவர் கடந்த 12 மாதங்களில் குறைந்தது 90 நாட்கள் கட்டட வேலை செய்திருக்க வேண்டும். சித்தாளாக வேலை செய்யும் ஒரு பெண், ஆண்டுக்கு ஐந்து தளங்கள் மாறியபின் அந்த 90 நாட்களை எதைக் கொண்டு காட்டுவார்? ஒவ்வொரு மாதமும் வேலை செய்த நாட்களும் ஓவர்டைமும் குறுஞ்செய்தியாக அவருடைய சொந்தக் கைபேசிக்கே வர வேண்டும் என்று கேளுங்கள். முதலாளியிடம் மட்டும் தங்கிவிடும் தகவல் தொழிலாளிக்கு உதவாது. ஆட்களைச் சேர்க்கும்போதே இதையும் ஒரு நிபந்தனையாக வையுங்கள்.

கேள்வி (வீடு வாங்குபவர், தாம்பரம்): கட்டுநர் சொல்வதை இணையத்தில் சரிபார்க்க வழி உண்டா?

பதில்: உண்டு. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டுக்கு மேற்பட்ட வீடுகளுடனோ அமையும் திட்டங்கள் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். கட்டுநர் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அதன் இணையதளத்தில் முன்னேற்றத்தைப் பதிவிட வேண்டும். அங்குள்ள ஒப்புதல் வரைபடத்தையும் உங்களிடம் காட்டப்பட்டதையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒப்புதல் வரைபடத்திலுள்ள சுவர் மாறியிருந்தால் எழுத்தில் விளக்கம் கேளுங்கள்.

கேள்வி (கண்காணிப்பாளர், திருநெல்வேலி): எங்கள் கட்டடத்தில் தரைக்குக் கீழே உள்ள இரண்டாம் அடித்தளத்தில் கைபேசிக்கு சிக்னலே இல்லை. தளப் பதிவுச் செயலியை எப்படிப் பயன்படுத்துவது?

பதில்: இணையம் இல்லாதபோதும் பதிவு செய்து, பிறகு தானாக ஏற்றிவிடும் செயலியாகப் பாருங்கள், வாங்குவதற்கு முன் விற்பனையாளரை அந்த அடித்தளத்துக்கே அழைத்துச் சென்று, விமானப் பயன்முறையில் ஒரு பதிவைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். மேலே வந்தபின் அந்தப் பதிவு ஏறிய நேரத்தைக் காட்டுகிறதா, கீழே எழுதிய நேரத்தைக் காட்டுகிறதா என்பதையும் கவனியுங்கள். கீழே எழுதிய நேரமே உங்களுக்கு வேண்டியது.