வேலையில இருக்கும்போதே ஸ்டார்ட்அப்புக்கு அடி போட்டா கம்பெனி கேஸ் போடுமா?

தம்பி, நீங்க சொன்ன விவரம் இதான்: சென்னை ஐடி கம்பெனில வேலை, அம்பாசமுத்திரத்துல வீட்ல இருந்தே பாக்குதிய, ராத்திரி உக்காந்து அரிசி மில்லுகளுக்கு ஸ்டாக்கும் பில்லிங்கும் பாக்க ஒரு ஆப் எழுதுதிய, ஆபர் லெட்டர்ல வேலைய விட்ட பெறவும் ஒரு வருசம் போட்டித் தொழில் செய்யக்கூடாதுன்னு போட்டிருக்கு, அத நெனச்சித்தான் பயம். நான் வக்கீல் இல்ல. பல வருசம் சம்பளத்துக்கு இருந்துட்டு இப்ப பாளையங்கோட்டையில சின்னதா ஒரு சாப்ட்வேர் கம்பெனி நடத்துதேன், நம்ம பக்கத்துப் பிள்ளைய நெறைய பேரு இதே கேள்வியோட வாராவ, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்லுதேன்.

நீங்க பயப்படுற கண்டிஷன்தான் இருக்கதுலயே பலம் கம்மியானது. 1872-ம் வருச கான்ட்ராக்ட் ஆக்ட்ல 27-வது பிரிவு, ஒருத்தர் தொழில் செய்யவிடாம தடுக்குற ஒப்பந்தம் அந்த அளவுக்கு செல்லாதுன்னு சொல்லுது, தன் யாவாரத்த குட்வில்லோட, அதாவது அதுக்கு உள்ள நல்ல பேரோட சேத்து வித்தவங்களுக்கு மட்டும் விதிவிலக்கு. அதனால முறையா வெளிய வந்த பெறவு நீங்க மில்லுக்கு ஆப் விக்கதுக்கு கோர்ட்ல தடை வாங்குறது அவங்களுக்கு லேசு கிடையாது. ஆனா இந்தப் பாதுகாப்பு வேலைய விட்டதுக்கு அப்புறம் உள்ள காலத்துக்குத்தான், வேலையில இருக்க காலத்துக்கு இல்ல, நெறைய பேரு ரெண்டையும் ஒண்ணா போட்டுக் குழப்பிக்கிடுதாவ. 1967-ல செஞ்சுரி ஸ்பின்னிங் கேஸ்ல, அஞ்சு வருச ஒப்பந்தம் போட்டவரு பாதியிலயே போட்டிக் கம்பெனிக்குப் போனப்ப, ஒப்பந்த காலம் முடியுற வரைக்கும் போட்டியா வேலை செய்யக்கூடாதுங்கிற தடை செல்லும்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிட்டு. அதுவும் போக கம்பெனி கோர்ட்டுக்குத்தான் போவணும்னு இல்லயே, வேலைய விட்டுத் தூக்கிட்டா போதும். 2022-ல விப்ரோ, போட்டிக் கம்பெனிக்கும் சேத்து வேலை பாத்தாங்கன்னு 300 பேர அனுப்புனது எல்லாருக்கும் தெரியும்.

இப்ப நான் உண்மையிலயே கவலைப்படுற விசயத்துக்கு வாரேன். நீங்க எழுதுற கோடு, அதாவது ஆப்போட புரோகிராம், யாருக்குச் சொந்தம்? 1957 காப்பிரைட் ஆக்ட்ல 17-வது பிரிவு, வேலையோட பாகமா எழுதுனது முதலாளிக்குச் சொந்தம்னு சொல்லுது, வேற மாதிரி ஒப்பந்தம் இருந்தா ஒழிய. நீங்க பேங்க்கிங் புராஜெக்ட்ல இருக்கிய, ராத்திரி சொந்த லேப்டாப்ல மில் கணக்கு எழுதுதியன்னா, சட்டத்த மட்டும் வச்சிப் பாத்தா அது உங்களுதுதான்னு வாதாட நல்ல எடம் இருக்கு. ஆனா சேரும்போது ஆபர் லெட்டரோட சேத்து இன்னொரு பேப்பர்ல கையெழுத்து வாங்கியிருப்பாவ, அதுல "பணியில் இருக்கும் காலத்தில் உருவாக்கும் எல்லாமே நிறுவனத்துக்கு"ன்னு ஒரு வரி இருந்தாலும் இருக்கும், சிலதுல கம்பெனி தொழிலோட சம்பந்தப்பட்டதுன்னு ஒரு எல்லை இருக்கும், சிலதுல அதுவும் இருக்காது. அந்த ஒரு வரியத் தேடிப் படிங்க தம்பி, இன்னைக்கே படிங்க. பேட்டன்ட் விசயத்துல ஊழியர் கண்டுபிடிச்சது யாருக்குன்னு நம்ம சட்டத்துல நேரா ஒண்ணும் சொல்லல, அங்க ஒப்பந்தந்தான் பேசும்.

எனக்குத் தெரிஞ்ச தென்காசிப் பக்கத்துப் பையன் ஒருத்தன், நல்ல மூளை, ஆப் ஓட ஆரம்பிச்சி கஸ்டமரும் வந்துட்டாவ. பணம் போட ஒரு இன்வெஸ்டர் வந்தாரு, அவரோட வக்கீல் கேட்ட மொதக் கேள்வியே கோடு எந்தத் தேதியில எழுத ஆரம்பிச்சிய, அன்னைக்கு எங்க வேலையில இருந்திய, அந்த ஒப்பந்தத்தக் குடுங்கன்னுதான். தேதியெல்லாம் கோட சேத்து வைக்குற ரெப்போவுலயே கெடக்கு, மறைக்க முடியாது. பழைய கம்பெனிகிட்ட எங்களுக்கு உரிமை இல்லன்னு ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்கன்னுட்டாவ, அந்தக் கம்பெனி தாரேன்னும் சொல்லல, தரமாட்டேன்னும் சொல்லல, இழுத்துக்கிட்டே போச்சி, இன்வெஸ்டர் விலகிட்டாரு. யாரும் கேஸ் போடல, நோட்டீஸ் வரல, ஆனாலும் அவன் உழைப்பு அப்படியே முடங்கிப் போச்சி. அத நெனச்சா எனக்கு இன்னும் மனசு ஆறல.

அதனால கம்பெனி லேப்டாப்ல ஒரு வரி கூட எழுதாதிய, கம்பெனி மெயில், கம்பெனி கிளவுட், ஆபீஸ் நேரம் எதுவுமே வேண்டாம். நான் எழுதுன கோடுதானன்னு பழைய புராஜெக்ட்ல இருந்து ஒரு துண்ட எடுத்துட்டு வர்றது, கஸ்டமர் லிஸ்ட்ட சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பிக்கிடுறது, இதெல்லாம் ஐடி ஆக்ட் (தகவல் தொழில்நுட்பச் சட்டம்) 43, 66 பிரிவுல போய் மாட்டிக்கிடும், அனுமதி இல்லாம டேட்டா எடுத்தத கெட்ட எண்ணத்தோட செஞ்சதுன்னு நிரூபிச்சா 3 வருசம் வரைக்கும் ஜெயில், 5 லட்சம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டுமே.

அப்பா பேர்லயோ வீட்டுக்காரி பேர்லயோ கம்பெனியப் பதிஞ்சிரலாம்னு ஊர்ல சொல்லித் தருவாவ. உங்க பேர்ல பதிஞ்சா டைரக்டர் பேரு கம்பெனி விவகாரத் துறை பதிவுல வெளிப்படையா தெரியும்ங்கிறது நெசந்தான், ஆனா அவங்க பேர்ல பதிஞ்சாலும் கோடு எழுதுனது நீங்கதான, உரிமைக் கேள்வி அப்படியேதான் நிக்கும், கூட ஒளிச்சி செஞ்சாருங்கிற பேரும் சேந்துக்கிடும். என் யோசனை, மேனேஜர்கிட்டயும் ஹெச்ஆர்கிட்டயும் எழுத்துல கேளுங்க: இன்ன தொழிலு, உங்க தொழிலுக்குச் சம்பந்தம் இல்ல, ஆபீஸ் நேரத்துல செய்யல, அனுமதி குடுங்கன்னு. வாய்ல சரின்னா போதாது, மெயில்ல வரணும்.

கூட வேலை பாக்குறவங்கள இழுத்துட்டுப் போறத வெளிய வந்த பெறவு பாத்துக்கலாம். இன்னொண்ணு, வழக்கு வந்தா எந்த ஊரு கோர்ட்டுன்னு ஒப்பந்தத்துல போட்டிருப்பாவ, அதப் பாருங்க. 2025 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட், பாட்னாவுல வேலை பாத்தவரு கேஸ்ல மும்பைன்னு ஒப்பந்தத்துல இருந்தா மும்பைதான்னு சொல்லிட்டு. அப்படின்னா நம்ம ஊர்ல கேஸ நடத்திக்கிடலாம்னு நெனச்சிட்டு இருக்க முடியாது, வாய்தாவுக்கு வாய்தா ரயில் ஏறணும்.

அனுமதி கெடைக்கலன்னா கோடு எழுதுறத நிறுத்தி வைங்க, நோட்டீஸ் பீரியட ஒழுங்கா முடிச்சி, லேப்டாப்ப அழிக்காம அப்படியே ஒப்படைச்சி, ரிலீவிங் லெட்டர் வாங்குன பெறவு புதுசா மொத வரியில இருந்து எழுதுங்க, கொஞ்ச மாசம் போனாலும் போவட்டும். அதுக்குள்ள லீவு நாள்ல கல்லிடைக்குறிச்சி, அம்பை மில்லுல போயி நில்லுங்க, பிசான பருவத்து நெல்லு வரும்போது மூட்டைக் கணக்கு எப்படி எழுதுதாவ, தவிடு, குருணைய எந்தக் கணக்குல சேக்குதாவ, கடன் எப்படி நிக்கின்னு அண்ணாச்சிமார்ட்ட கேட்டு நோட்டுல எழுதுங்க. அத யாரும் தடுக்கப் போறதில்ல, உங்க ஆப்புக்கு இப்ப அதுதான் பெரிய வேலையும் கூட.