தலைக்கயிற்றைக் கண்டாலே விலகி ஓடும் குதிரை

வணக்கம் தம்பி. பந்தயத்தில் ஓடி ஓய்ந்த குதிரையைச் சுங்கை சிப்புட்டுக்கு வாங்கி வந்திருக்கிறீர்கள். தலைக்கயிற்றை எடுத்தாலே ஓடுகிறது, வீடியோ பார்த்தே பழக்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது என்றுதான் சொல்வேன்.

குதிரை பாடம் கற்பது நாம் கயிற்றை இழுக்கும்போது இல்லை, விடும்போது. அது நம் பக்கம் ஓர் அடி வைத்த அந்தக் கணமே கயிறு தளர வேண்டும். நான் இரண்டு நொடி தாமதித்தே விட்டுக்கொண்டிருந்தேன், அது எனக்கே தெரியவில்லை. பயிற்றுநர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "இப்ப விடுங்க, இப்ப" என்று பலமுறை சொன்ன பிறகுதான் கை பழகியது. வீடியோவுக்கு நம் கை தெரியாதே! இந்த முறையை வளர்த்தவர்களில் ஒருவரான அமெரிக்கர் ரே ஹன்ட்கூட ஊர் ஊராகப் போய், அவரவர் குதிரையோடு வந்தவர்களுக்கு நேரில்தான் கற்றுக்கொடுத்தார்.

நேரில் கற்றுக்கொடுக்கும் பயிற்றுநர் கிடைக்கும் வரை ஒன்று செய்யுங்கள். நெற்றிக்கு நேர் எதிரிலும் வாலுக்குப் பின்னாலும் குதிரைக்குப் பார்வை எட்டாது. தோள் பக்கமாகச் சாய்வாக நெருங்குங்கள். குதிரையின் தலை நிமிர்ந்து உடம்பு விறைத்தால் அங்கேயே நில்லுங்கள். தலை தாழ்ந்ததும் ஓர் அடி பின்வாங்குங்கள், அதுதான் அதற்குப் பரிசு. சில நாள் கயிற்றை மாட்டவே வேண்டாம், கழுத்தைத் தடவிவிட்டு வந்துவிடுங்கள். செம்பனை லாரிகள் ஓடத் தொடங்குமுன், விடியற்காலையில் போனால் நல்லது.

அப்புறம், பயிற்றுநர் தானே குதிரையைப் பிடித்து அடக்கிக் காட்டினால், கயிற்றை உங்களிடமே தரச் சொல்லுங்கள்.