எரேமியா கெஞ்சலாமா?

அன்புள்ள ஐயா,

ஸ்தோத்திரம். வேதாகமத்தில் எரேமியா 37-ல் ஒன்று இடறுகிறது. சிறையிலிருந்து வந்த எரேமியா ராஜாவிடம், என்னைத் திரும்ப அங்கே அனுப்பாதேயும், செத்துப்போவேன் என்று கெஞ்சுகிறார். தீர்க்கதரிசி கெஞ்சலாமா? நானும் அலுவலகத்தில் பொய்க் கணக்கில் கையெழுத்துப் போட மறுத்தேன். அப்புறம் தூர ஊருக்கு மாற்றிவிடாதீர்கள் என்று மேலதிகாரியிடம் அழுதேன். அன்றிலிருந்து வெட்கமாக இருக்கிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்தக் கெஞ்சலுக்கு முந்தின வசனங்களை இன்னொரு தரம் வாசியுங்கள்.

எகிப்தின் சேனை வருகிறது என்று கேட்டுக் கல்தேயராகிய பாபிலோனியர் எருசலேமின் முற்றுகையைக் கொஞ்சம் விட்டு விலகிய நேரம், கி.மு. 588 வாக்கில். பென்யமீன் நாட்டுக்குக் கிளம்பிய எரேமியாவை நகர வாசலிலேயே, எதிரியிடம் ஓடுகிறாய் என்று பிடித்து, அடித்து, சம்பிரதி, அதாவது எழுத்தர், யோனத்தான் வீட்டு நிலவறையில் அடைத்தார்கள். அநேக நாள் அங்கேயே கிடந்தார். பிறகு ராஜா சிதேக்கியா ரகசியமாகக் கூப்பிட்டு, கர்த்தரால் ஒரு வார்த்தை உண்டோ என்கிறான். உண்டு, நீர் பாபிலோன் ராஜாவின் கையில் ஒப்புக்கொடுக்கப்படுவீர் என்கிறார். தனக்கான விண்ணப்பம் அதற்கப்புறம்தான் வருகிறது. முதலில் கெஞ்சி, ராஜாவின் மனதைக் குளிரவைத்து, செய்தியைக் கொஞ்சம் மழுப்பியிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்?

அந்தக் கெஞ்சலுக்குக் கிடைத்தது காவற்சாலை முற்றமும், அப்பம் சுடுகிறவர்கள் தெருவிலிருந்து தினம் ஒரு அப்பமும். அங்கேயும் அவர் வாய் ஓயவில்லை. இவன் யுத்த மனுஷரின் கைகளைத் தளர்த்துகிறான் என்று பிரபுக்கள் கொதித்து, தண்ணீர் இல்லாத, உளை, அதாவது சேறு, நிறைந்த துரவுக் கிணற்றில் கயிறு கட்டி இறக்கினார்கள். எனக்கு அந்த உளையைவிடக் கொடுமையாகப் படுவது அந்தக் குற்றச்சாட்டுதான். அவர் அந்த நகரத்துக்காக அழுதவர், ஐயா. அவரைத்தான் துரோகி என்றார்கள்.

எத்தியோப்பியனாகிய எபெத்மெலேக் முப்பது பேரோடு வந்து தூக்கினான். அக்குளில் கயிறு அறுக்காதபடி கந்தைத் துணிகளை வைத்துக்கொள்ளச் சொன்னான். அந்த அக்கறையை வாசிக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும். மேலே வந்த எரேமியா மறுபடி ராஜா முன் நிற்கிறார், மறுபடி பயம், சொன்னால் என்னைக் கொன்றுபோடுவீர் அல்லவா என்று கேட்கிறார். கொல்லமாட்டேன் என்று ராஜா ஆணையிட்ட பிறகு, அதே செய்தியைத்தான் சொல்கிறார்.

நீங்கள் அழுதீர்கள், சரி. கையெழுத்துப் போடவில்லையே. அந்த அழுகைக்கு ஏன் வெட்கப்படுகிறீர்கள்? மாற்றல் உத்தரவு வந்துவிட்டதா, வீட்டில் எப்படி இருக்கிறார்கள் என்று எழுதுங்கள்.