விலையுயர்ந்த துப்பாக்கியை வேட்டைக்கு எடுத்துப் போகலாமா? – கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. நல்ல விலை கொடுத்து வாங்கிய ஷாட்கன்னை, அதாவது ஒரே தோட்டாவில் பல சிறு ரவைகளைத் தூவும் துப்பாக்கியை, வேட்டைக்கு எடுத்துப் போவதா, பெட்டியிலேயே பூட்டி வைப்பதா? அதனால் எல்லாவற்றுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். உரிமமும் வேட்டைச் சட்டமும் இடத்துக்கு இடம் மாறும். முதலில் அதைப் பார்த்துவிட்டு மற்றதைப் படியுங்கள்.

கேள்வி: தாத்தா வாங்கிய, கைவேலையில் செய்த இரட்டைக் குழல் துப்பாக்கி என்னிடம் வந்திருக்கிறது. வெளியே எடுத்தால் பாழாகிவிடும், சுடுவதற்கு மலிவாக வேறொன்று வாங்கிக்கொள் என்கிறார்கள். உங்கள் கருத்து?

பதில்: எடுத்துப் போங்கள். அது அதற்காகவே செய்யப்பட்டது. தோளில் பதியும் வால்நட் கட்டையில் எண்ணெயைத் தேய்த்துத் தேய்த்து ஏற்றியிருக்கிறார்களே, ஈரம் உள்ளே இறங்கக் கூடாது என்றுதான். எடையை மூன்று கிலோவுக்குள் அடக்கியிருப்பதும், நாள் முழுக்கக் கையில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டும் என்பதற்காக.

ஆனால் நேராக வயலுக்குப் போகாதீர்கள். பழைய துப்பாக்கிகளைத் தெரிந்த கைவினைஞர் ஒருவரிடம் முதலில் கொடுங்கள். குழலின் சுவர் எவ்வளவு கனம், தோட்டா அறை எவ்வளவு நீளம், உட்புறத்தில் துருக்குழி இருக்கிறதா, குழலைச் சுட்டுச் சோதித்துக் குத்தியிருக்கும் சோதனை முத்திரை எந்த வெடிமருந்துக்கு என்று அவர் பார்த்துச் சொல்லட்டும். குழலில் சுருள் சுருளாக வரி தெரிந்தால் அது டமாஸ்கஸ் குழலாக இருக்கலாம். இரும்பையும் எஃகையும் முறுக்கி, பட்டையாகச் சுற்றி, பற்றவைத்துச் செய்தது. அவற்றில் பல, கரிமருந்துக் காலத்து வேலை. இன்றைய புகையில்லா மருந்துக்கான முத்திரை இல்லாவிட்டால் இன்றைய தோட்டாவை அதில் போடக் கூடாது.

வீட்டிலேயே இரண்டு விஷயங்கள் பார்க்கலாம். துப்பாக்கி காலி என்று இரண்டு முறை உறுதி செய்துகொள்ளுங்கள். குழலுக்கு அடியில் இருக்கும் முன்கட்டையைக் கழற்றிவிட்டு, குழல் மூடிய நிலையில் மெல்ல ஆட்டுங்கள். உள்ளே ‘டக் டக்’ என்று ஆடினால், குழல் துப்பாக்கியின் உடலோடு பூட்டிக்கொள்ளும் இடம் தளர்ந்திருக்கிறது. அப்புறம் குழலைத் தனியே கழற்றி, அடியில் இருக்கும் கொக்கியை ஒரு விரலில் மாட்டித் தொங்கவிட்டு, விரல் கணுவால் தட்டுங்கள். மணி மாதிரி நீளமாக ஒலிக்க வேண்டும். மட்டமாக ஒலித்தாலோ அதிர்ந்தாலோ இரு குழல்களையும் இணைக்கும் பட்டை எங்கோ விட்டிருக்கிறது.

எல்லாம் சரியாக இருந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். மரத்தில் கீறல் விழும், விழட்டும். குழலில் சொட்டை விழுந்தால் மட்டும் அன்றைய வேட்டையை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: விலை கூடக் கூட, ரவை அதிக தூரம் போகுமா?

பதில்: போகாது. தூரத்தைத் தீர்மானிப்பது தோட்டாவும், ரவை அதிகம் சிதறாதபடி குழல் முனையில் வைத்திருக்கும் குறுகலான சோக்கும்தான். நாற்பது மீட்டருக்கு அப்பால் பறவையைச் சுடாதீர்கள், கையில் எந்தத் துப்பாக்கி இருந்தாலும்.

கேள்வி: 12 போர் என்ற குழல் அளவுள்ள பழைய துப்பாக்கியைப் படத்தைப் பார்த்தே வாங்கினேன். கடையில் கிடைத்த 70 மி.மீ. தோட்டா சரியாக உள்ளே போகிறது. ஆனால் பின்னுதை தாங்க முடியவில்லை. துப்பாக்கியில் குறையா?

பதில்: உடனே நிறுத்துங்கள். ‘உள்ளே போகிறது’ என்பது பொருத்தமாகாது. தோட்டாவின் மேல் எழுதியிருக்கும் நீளம், சுட்டு முடித்து வாய் விரிந்த பிறகு இருக்கும் நீளம். அதனால் உங்கள் பழைய துப்பாக்கியில் அறை 65 மி.மீ. என்றால்கூட, 70 மி.மீ. தோட்டா அதில் எந்தத் தடையும் இல்லாமல் நுழையும். சுடும்போது அதன் வாய் விரிய இடமில்லாமல் குழலின் குறுகலுக்குள் போய் நெருக்கும், அழுத்தம் எகிறும். உங்கள் தோளில் விழுந்த உதை அதுவாக இருக்கலாம்.

அறையின் நீளத்தை அளக்கவில்லை. முத்திரையைப் படிக்கவில்லை. விற்றவரிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. இந்தத் தொகைக்கு வேறு எந்தப் பொருளை இப்படி வாங்குவீர்கள்? இனி, 65 மி.மீ. அறைக்கு ஏற்றது என்று பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும் தோட்டாவை மட்டும் வாங்குங்கள். அதற்கு முன் குழலைப் பரிசோதித்தாக வேண்டும், ஏற்கெனவே எத்தனை தோட்டா சுட்டீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை.

கேள்வி: ‘புத்தம் புதுசு போல, ஒரு குறையும் இல்லை’ என்று சொல்லி ஒரு பெயர்பெற்ற துப்பாக்கியை விற்றார்கள். சேமிப்பு முழுவதையும் கொடுத்தேன். பிறகு அளந்து பார்த்தவர், குழலை உள்ளே கடைந்து துருவை எடுத்திருக்கிறார்கள், சுவர் மெலிந்துவிட்டது, சுடாதீர்கள் என்கிறார். விற்றவர் ‘பார்த்துத்தானே வாங்கினீர்கள்’ என்கிறார்.

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் மனசு ஆறவில்லை. இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. குழலின் உட்புறம் கண்ணாடி போல மின்னுவதைப் பார்த்தால் யாருக்குமே நம்பிக்கைதான் வரும். அந்த மினுமினுப்புக்காகத்தான் உலோகத்தைச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள்.

அளந்தவரிடம் எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். குழலின் உள்விட்டம், சுவரின் கனம், இரண்டும் எந்த இடத்தில் எவ்வளவு என்று எண்களோடு இருக்க வேண்டும். சுவர் அரை மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கியிருந்தால் விஷயம் தெரிந்தவர்கள் அந்தத் துப்பாக்கியைத் தொட யோசிப்பார்கள். உள்விட்டத்தை, குழலில் முத்திரையிட்ட அளவோடு ஒப்பிடச் சொல்லுங்கள். 12 போரின் இயல்பான விட்டம் சுமார் 18.5 மி.மீ. முத்திரையில் உள்ளதைவிட 0.2 மி.மீ. அளவுக்கு மேல் விரிந்திருந்தால் பிரிட்டனின் சோதனை விதிகளின்படி அந்த முத்திரை செல்லாது. அங்கே அப்படிப்பட்ட துப்பாக்கியை விற்பதே குற்றம். குழல் சோதனைக்கென்று 1868-லேயே அங்கே சட்டம் போட்டிருக்கிறார்கள். உங்கள் நாட்டில் எந்தச் சட்டம் பொருந்தும் என்று நுகர்வோர் வழக்குகளைப் பார்க்கும் வழக்கறிஞர் ஒருவரிடம் கேளுங்கள். ‘ஒரு குறையும் இல்லை’ என்று அவர் எழுதிய செய்தியோ விளம்பரமோ இருந்தால் பத்திரப்படுத்துங்கள். துப்பாக்கியில் எந்தப் பழுதும் பார்க்காதீர்கள், எண்ணெய்கூட மாற்ற வேண்டாம்.

நானும் இதே வழியில் ஏமாந்திருக்கிறேன். கறுப்பேற்றிய குழல் புதிதாகப் பளபளத்தது, வாங்கிவிட்டேன். முதல் நாளே ரவை எல்லாத் திசையிலும் சிதறியது. முனையை உற்றுப் பார்த்தபோதுதான் புரிந்தது: இரண்டு குழல் முனைகளும் ஒட்டியிருக்க வேண்டிய இடத்தில் இடைவெளி, அதை எதையோ வைத்து அடைத்திருந்தார்கள். முன்பக்கத்தை வெட்டிக் குறைத்திருக்கிறார்கள். சோக் முனையில்தான் இருக்கும், வெட்டினால் அதோடு போய்விடும். அந்தப் பணம் எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. உங்களுக்குக் கிடைக்க வேண்டும். முடிவு என்ன ஆனது என்று மறக்காமல் எழுதுங்கள்.

கேள்வி: சைடு லாக் வாங்குவதா, பாக்ஸ் லாக் வாங்குவதா? விலை வித்தியாசம் மலைக்கும் மடுவுக்குமாக இருக்கிறது.

பதில்: வேட்டைக்கு மட்டும் என்றால் நல்ல பாக்ஸ் லாக். தோட்டாவை வெடிக்கவைக்கும் பொறி, அதாவது பூட்டு, இதில் நடுப்பெட்டிக்குள்ளேயே இருக்கும். ஆன்சன், டீலி என்ற இருவர் 1875-ல் காப்புரிமை எடுத்த அமைப்பு. உறுப்புகள் குறைவு, உறுதியானது. இன்றும் அதே அடிப்படையில் செய்கிறார்கள். சைடு லாக்கில் பக்கத் தகட்டிலேயே பூட்டு பொருத்தியிருக்கும். விசை அழகாக விடுபடும், வேலைப்பாட்டுக்கும் இடம் அதிகம், செய்யும் உழைப்பும் பல மடங்கு.

ஒரு எச்சரிக்கை. பாக்ஸ் லாக்கின் பக்கங்களில் வெறும் அலங்காரத் தகடு பொருத்தி, சைடு லாக் போலக் காட்டுவது உண்டு. அதைச் சொல்லி விற்றால் தவறில்லை. எனக்குச் சொல்லவில்லை. சைடு லாக் விலை கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, தகட்டைக் கழற்றினால் பின்னால் வெறும் தகடு. பூட்டு எல்லாம் நடுவில். நல்ல சைடு லாக்கில் பெரும்பாலும் பூட்டின் ஆணி முனைகள் தகட்டின் வெளியே தெரியும். ஒரு ஆணிகூடத் தெரியாவிட்டால் வாங்குவதற்கு முன் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: முதல் துப்பாக்கி வாங்கப் போகிறேன். கையால் செதுக்கிய வேலைப்பாடும் தங்கப் பதிப்பும் உள்ள ஒன்று பிடித்திருக்கிறது. கட்டை கொஞ்சம் நீளம், தூக்கும்போது சட்டையில் மாட்டுகிறது. ‘பழகினால் சரியாகிவிடும்’ என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். இதை நான் பல வருடங்களாகச் சொல்லி வருகிறேன், இன்னொரு முறையும் சொல்கிறேன்.

ரைஃபிளில் குறி பார்க்க முன்னும் பின்னும் அடையாளம் உண்டு. ஷாட்கன்னில் முனையில் ஒரு சின்னக் குமிழ் மட்டும்தான். பின்பக்கக் குறி உங்கள் கண். அந்தக் கண்ணை எங்கே நிறுத்துவது என்று தீர்மானிப்பது கட்டை. கன்னம் படும் மேடு உயர்ந்திருந்தால் ரவை மேலே போகும், தாழ்ந்திருந்தால் கீழே போகும். கட்டை நீளமாக இருந்தால் அக்குளில் மாட்டும், குட்டையாக இருந்தால் கட்டைவிரல் மூக்கில் வந்து இடிக்கும். சுமார் 15 மீட்டரில் சோதித்துப் பார்த்தால், கட்டையில் 1.6 மி.மீ. மாறினாலே இலக்கில் 25 மி.மீ. விலகும். இதையே கூட்டிப் பாருங்கள். கண் ஒரு சென்டிமீட்டர் தவறான இடத்தில் இருந்தால் 35 மீட்டரில் ரவையின் நடுப்பகுதி 35 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளிப் போய்விடும். அடர்த்தியான ரவை எல்லாம் காற்றில் போகும். ஓரத்து ரவைகளில் ஒன்றிரண்டு மட்டும் பறவையின் மேல் படும். அது விழாது. காயத்தோடு பறந்து போய், எங்கோ புதரில் கிடந்து நாள் கணக்கில் வதைபட்டுச் சாகும்.

பொருந்தாத துப்பாக்கியை விற்பவர்கள் மேல் எனக்கு இருக்கும் கோபம் இதனால்தான். செருப்பு வாங்கினால்கூட நடந்து பார்க்கச் சொல்கிறார்கள். இவ்வளவு பணம் வாங்கிக்கொண்டு, தோளில் வைத்துப் பார்க்கக்கூட நேரம் கொடுக்காமல் செதுக்கு வேலையையே காட்டிக்கொண்டிருக்கிறார்கள். துப்பாக்கிக்கு உங்கள் உடம்பு பழகாது. பழகுகிற மாதிரி கழுத்தை வளைத்துக்கொள்வீர்கள், அவ்வளவுதான்.

கடையிலேயே இதைச் செய்யுங்கள். வேட்டைக்குப் போடும் கனமான சட்டையோடு போங்கள். காலித் துப்பாக்கி என்று உறுதி செய்துகொண்டு, கண்ணாடி முன் நின்று கண்ணை மூடி இயல்பாகத் தோளுக்கு ஏற்றுங்கள். கண்ணைத் திறந்தால் உங்கள் விழி குழலின் நேர் மேலே, நடுவில் தெரிய வேண்டும். பத்து முறை செய்து பத்து முறையும் வந்தால் சரி. உங்களுக்கு எந்தக் கண் ஆதிக்கம், அதாவது குறி பார்க்கும்போது எந்தக் கண் முந்துகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வலது தோளில் சுடுபவருக்கு இடது கண் ஆதிக்கமாக இருந்தால் கதையே வேறு.

தங்கப் பதிப்புக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதியைக் கட்டையைத் திருத்தக் கொடுங்கள். நீளத்தைக் குறைக்கலாம், கூட்டலாம். சூடேற்றிச் சில மில்லிமீட்டர் வளைக்கவும் முடியும்.

கேள்வி: என் விலையுயர்ந்த பழைய துப்பாக்கியில் எஃகு ரவை போடலாமா? நான் போகும் நீர்நிலையில் ஈயத்துக்குத் தடை.

பதில்: போடாதீர்கள். எஃகு ஈயத்தைப் போல நசுங்கிக் கொடுக்காது. இறுக்கமான சோக்கில் மெல்லிய பழைய குழல் புடைத்துவிடும். வலுக்கூட்டிய எஃகுத் தோட்டாவுக்கு, அதற்கென்றே சோதித்து லில்லிப்பூ முத்திரை குத்திய குழல் வேண்டும். உங்களுக்கு ஏற்றது பிஸ்மத் என்ற உலோகத்தில் செய்த ரவை. ஈயத்தைவிடக் கொஞ்சம் எடை குறைவு, ஆனால் மென்மையானது. விலை அதிகம்தான், ஆனால் குழலின் விலையைவிடக் குறைவு. தடையைப் பற்றிச் சலித்துக்கொள்ளாதீர்கள். சேற்றில் கிடக்கும் ஈய ரவையை வாத்துகள் கல் என்று நினைத்து விழுங்கிவிட்டு விஷமேறிச் சாகின்றன. அதனால்தான் அமெரிக்கா 1991-லேயே நீர்ப்பறவை வேட்டையில் ஈயத்தை முழுமையாக நிறுத்தியது.

கேள்வி: மழையில் கொண்டு போகலாமா?

பதில்: போகலாம். திரும்பியதும், கை கால் கழுவுவதற்கு முன்பே, ஈரத்தைத் துடைத்து, குழலைக் கழற்றி, அறை வெப்பத்தில் காயவிட்டு, பிறகு மெல்லிய எண்ணெய் பூசுங்கள். ஈர உறைக்குள் ஒரு இரவுகூட விடக் கூடாது. நான் விட்டேன், காலையில் கறுப்பேற்றிய குழலில் செந்நிறத் துரு. எண்ணெயைக் கொட்டவும் கூடாது. அது வழிந்து கட்டையின் தலைப்பகுதியில் ஊறி மரத்தை மெத்தென்று ஆக்கிவிடும். முதல் இரவு முனை கீழே இருக்கும்படி நிறுத்தி வையுங்கள்.

கேள்வி: நானும் மகனும் சேர்ந்து போகிறோம். எனக்கு 12 போர், அவனுக்கு அதைவிடக் குறுகலான 20 போர். ஒரே பையில் தோட்டாக்களை வைத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடவே கூடாது. 20 போர் தோட்டா 12 போர் அறைக்குள் வழுக்கிப் போய், குழலின் குறுகலில் மாட்டிக்கொள்ளும். திறந்து பார்த்தால் அறை காலியாகத் தெரியும். அதன் பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும், பிடித்திருக்கும் கை போய்விடும். 20 போரை மஞ்சள் நிறத்தில் செய்வதே இந்தக் குழப்பம் வரக்கூடாது என்றுதான். மகனுக்குத் தனிப் பை வாங்கிக் கொடுங்கள், இந்த வாரமே. ஒவ்வொரு முறை வீடு திரும்பியதும் உங்கள் சட்டைப் பை, கால்சட்டைப் பை எல்லாவற்றையும் கவிழ்த்துப் பாருங்கள்.