தைராய்டு மாத்திரையின் அளவு கூட்டப்படும்போது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை, தைராய்டு சுரப்புக் குறைவுக்காக லீவோதைராக்ஸின் மாத்திரை எடுத்துவருபவர்களிடமிருந்து, அதிலும் அண்மையில் மாத்திரையின் ‘பவர்’ கூட்டப்பட்டவர்களிடமிருந்து வந்தவை. ஒருவருக்குச் சொல்லும் பதில் மற்றவருக்கும் உதவும் என்பதால் அவற்றை ஒன்றாகத் தொகுத்திருக்கிறேன். கேள்விகளில் வரும் டி.எஸ்.எச் என்பது தைராய்டு சுரப்பியைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு சுரப்பு குறைந்தால் இரத்தத்தில் இதன் அளவு கூடும். உங்களைப் பரிசோதித்து, பழைய அறிக்கைகளையும் பார்த்திருக்கும் மருத்துவரின் முடிவே இறுதியானது என்பதை மனத்தில் கொண்டு படியுங்கள்.

எனக்கு வயது 36. டி.எஸ்.எச் அளவு 9.4 என்று வந்ததால் மாத்திரையை 50 மைக்ரோகிராமிலிருந்து 75-ஆக உயர்த்தினார்கள். பத்து நாள்களாகப் படபடப்பாக இருக்கிறது. இரவில் தூக்கமும் வருவதில்லை. பழைய மாத்திரைக்கே திரும்பிவிடலாமா? – ஈரோடு வாசகி

நீங்களாகத் திரும்ப வேண்டாம். அதற்காகப் படபடப்பைச் சொல்லாமல் சகித்துக்கொண்டும் இருக்க வேண்டாம். இன்றே உங்கள் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லுங்கள்.

அதற்கு முன்பாக, வீட்டில் இருக்கும் மாத்திரைக் குப்பிகளை எல்லாம் எடுத்து மேசைமேல் வைத்துப் பாருங்கள். 50 மைக்ரோகிராம் குப்பியில் மிச்சம் இருக்கும்போதே 75 குப்பியும் வாங்கிவைத்து, பழையதில் ஒன்று, புதியதில் ஒன்று என நாள்தோறும் 125 மைக்ரோகிராம் விழுங்கிவருபவர்கள் உண்டு. சீட்டில் எழுதிய 75-ஐ 125 என்றோ 25 என்றோ படித்து மருந்துக் கடையில் மாற்றிக் கொடுத்துவிடுவதும் நடக்கிறது. குப்பிகள் ஒரே அளவிலும் ஒரே அமைப்பிலும் இருப்பதால், லேபிளில் உள்ள எண்ணைப் படிக்காமல் மூடியைத் திறப்பது எளிது. அளவு மாறிய அன்றே பழைய குப்பியைத் தனியே எடுத்து வைத்துவிடுவது நல்லது.

மாத்திரை சரியாகத்தான் இருக்கிறது என்றால், உங்கள் உடலில் நடப்பதை இப்படிப் புரிந்துகொள்ளலாம். லீவோதைராக்ஸின் இரத்தத்தில் பாதியாகக் குறைவதற்கு ஏறத்தாழ 7 நாள்கள் ஆகும். இவ்வளவு மெதுவாக வெளியேறும் மருந்தின் அளவைக் கூட்டினால், புதிய அளவு இரத்தத்தில் ஒரு நிலைக்கு வந்து நிற்க 5 அல்லது 6 வாரங்கள் பிடிக்கும். பத்தாவது நாளில், வரவேண்டிய மாற்றத்தில் பாதிக்குச் சற்று மேலேதான் வந்திருக்கும். மாதக்கணக்கில் குறைந்த சுரப்பிலேயே மந்தமாக ஓடிப் பழகிய இதயமும் நரம்புகளும் இந்தக் கூடுதலைச் சில நாள்கள் படபடப்பாகவும், லேசான கை நடுக்கமாகவும், வியர்வையாகவும், தூக்கமின்மையாகவும் காட்டக்கூடும். பலருக்கு இது சில வாரங்களில் தணிந்துவிடுகிறது. தணியாமல் நாளுக்கு நாள் கூடினால், அந்த அளவு உங்களுக்கு அதிகம் என்று பொருள் கொள்ளலாம்.

தினமும் காலையில் எழுந்ததும், காபிக்கு முன்னால், உட்கார்ந்தபடியே மணிக்கட்டில் நாடியை ஒரு முழு நிமிடம் எண்ணி, தேதியோடு குறித்து வையுங்கள். “படபடப்பாக இருக்கிறது” என்பதைவிட “மூன்று நாள்களாக 92, 94, 96” என்பது மருத்துவருக்கு மிகவும் பயன்படும். ஓய்வாக இருக்கும்போதும் நாடி 100-க்கு மேல் போனாலோ, துடிப்பு சீராக இல்லாமல் விட்டுவிட்டு வந்தாலோ நேரில் சென்று ஈ.சி.ஜி எடுத்துவிடுங்கள். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், மயக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் ஒரு நாள்கூடக் காத்திருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

சாதாரணப் படபடப்புதான் என்றால், 62.5 மைக்ரோகிராம் மாத்திரைக்கு மாற்றியோ, ஒரு நாள் 50, மறுநாள் 75 என்று மாற்றி மாற்றிக் கொடுத்தோ மருத்துவர் உங்களைப் படிப்படியாக ஏற்றலாம். ஹீமோகுளோபினையும் பார்க்கச் சொல்லுங்கள். நம் பெண்களிடம் இரத்தசோகை மிகுதி. அதுவும் படபடப்பைத் தரும். பழி மட்டும் புதிய மாத்திரையின்மேல் விழுந்துவிடும்.

மாத்திரையைக் கூட்டிய பிறகும் டி.எஸ்.எச் குறையாமல் 8-லேயே நிற்கிறது. காலையில் மாத்திரை போட்டுவிட்டு, பத்து நிமிடத்தில் ஃபில்டர் காபி குடிப்பேன். அது காரணமாக இருக்குமா? – கும்பகோணம் வாசகர்

இருக்கும். இந்த மாத்திரை சிறுகுடலில்தான் உறிஞ்சப்படுகிறது. வயிறு காலியாக இருந்தால்தான் நன்றாக உறிஞ்சப்படும். காபி அந்த உறிஞ்சுதலைக் குறைக்கிறது. பாலில் உள்ள கால்சியமும் தன் பங்குக்குக் குறைக்கிறது. ஆகவே மாத்திரையைத் தண்ணீரோடு மட்டும் விழுங்கி, குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்துக் காபியும் சிற்றுண்டியும் எடுத்துக்கொள்ளுங்கள். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கும் நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் அமில நீக்கி மருந்துகளுக்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். ‘கேஸ் மாத்திரை’ என்று தினமும் வெறும் வயிற்றில் போட்டுக்கொள்ளும் பாண்டோபிரசோல், ஒமிபிரசோல் போன்றவை வயிற்று அமிலத்தைக் குறைத்து, அதன் வழியே இம்மாத்திரையின் பயனையும் குறைக்கக்கூடும். அவற்றை எடுப்பதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது.

எழுந்ததும் காபி இல்லாமல் முடியவே முடியாது என்பவர்கள், இரவு உணவு முடிந்து 3 மணி நேரத்துக்குப் பிறகு, படுக்கப் போகும்போது மாத்திரையை எடுத்துக்கொள்ளலாம். எட்டு மணிக்கே சாப்பிட்டுவிடும் வீடுகளில் இது நன்றாகவே ஒத்துவரும்.

நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது வேறொன்று. காபியால் உறிஞ்சப்படாமல் போன மருந்தை ஈடுகட்டத்தான் உங்கள் அளவு கூட்டப்பட்டிருக்கிறது. இப்போது பழக்கத்தைத் திருத்திக்கொண்டால், கூட்டிய அளவு முழுவதும் உடலில் சேர்ந்து, அதுவே மிகையாகிவிடக்கூடும்; படபடப்பு, எடை குறைதல், அடிக்கடி மலம் கழித்தல் எல்லாம் அப்போதுதான் தலைகாட்டும். எனவே பழக்கத்தை மாற்றப்போகும் தேதியை மருத்துவரிடம் சொல்லிவிட்டு, அதிலிருந்து 6 வாரம் கழித்து டி.எஸ்.எச் பாருங்கள். பரிசோதனை நாளில் இரத்தம் கொடுத்த பிறகு மாத்திரையைப் போடுங்கள். முன்னதாகப் போட்டால் டி4 (தைராக்ஸின் ஹார்மோன்) அளவு சில மணி நேரத்துக்கு உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும்.

அளவைக் கூட்டிய பிறகுதான் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. அதற்காகப் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை வாங்கிப் போடுகிறேன். சரிதானா? – திருநெல்வேலி வாசகி

இன்று உதிரும் முடி இரண்டு, மூன்று மாதங்களுக்கு முன்பே உதிர்வதற்கான கட்டத்துக்குப் போய்விட்ட முடி. அதாவது, சுரப்பு குறைந்திருந்த காலத்தின் விளைவைத்தான் நீங்கள் இப்போது சீப்பில் பார்க்கிறீர்கள். கூட்டிய மாத்திரை அதைச் செய்திருக்க வாய்ப்புக் குறைவு. டி.எஸ்.எச் சரியான அளவில் நின்ற பிறகும், முடி தேறுவதற்குச் சில மாதங்கள் பொறுக்க வேண்டும். அதற்கிடையே ஃபெரிட்டின் பரிசோதனை ஒன்றைச் செய்து, உடலில் இரும்புச்சத்து இருப்பு எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பயோட்டினைப் பற்றிக் கவனமாக இருங்கள். அது சுரப்பியை ஒன்றும் செய்யாது. ஆனால் பல ஆய்வகங்களின் பரிசோதனை முறையில் குறுக்கிட்டு, டி.எஸ்.எச் அளவைக் குறைவாகவும் டி4 அளவைக் கூடுதலாகவும் பொய்யாகக் காட்டிவிடும். அந்த அறிக்கையை நம்பி, தேவையான மாத்திரையையே குறைத்துவிட நேரும். முடிக்கென்று விற்கப்படும் மாத்திரைகளில் 5, 10 மில்லிகிராம் அளவுக்குப் பயோட்டின் இருக்கிறது. இரத்தப் பரிசோதனைக்குக் குறைந்தது 2 நாள்கள் முன்பாகவே அதை நிறுத்திவிடுங்கள். எடுத்துவந்ததை மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

மாத்திரையைக் கூட்டியும் எடை குறையவில்லை. இன்னும் 25 கூட்டிக்கொள்ளலாமா? – சேலம் வாசகி

கூடாது. சுரப்புக் குறைவால் ஏறும் எடை பெரும்பாலும் சில கிலோதான். அதிலும் ஒரு பகுதி உடலில் தேங்கிய உப்பும் நீரும். டி.எஸ்.எச் சரியான பிறகும் எடைக்காக மாத்திரையைக் கூட்டுவது இதயத்துக்கும் எலும்புக்கும் கேடு செய்யும். எடைக்கான வழியை உணவிலும் உடற்பயிற்சியிலும்தான் தேட வேண்டும்.

என் தாயாருக்கு 71 வயது. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். டி.எஸ்.எச் 14 இருந்தும், மருத்துவர் 12.5 மைக்ரோகிராம்தான் கூட்டினார். இப்படி மெல்ல மெல்லக் கூட்டினால் எப்போது சரியாகும்? – மதுரை வாசகர்

உங்கள் தாயாரின் மருத்துவர் செய்திருப்பது சரி. அவரைத் துரிதப்படுத்த வேண்டாம். தைராக்ஸின் கூடும்போது இதயம் வேகமாகவும் வலுவாகவும் துடிக்கிறது. அதற்கேற்ப இதயத் தசைக்கு ஆக்சிஜனும் கூடுதலாகத் தேவைப்படுகிறது. இரத்தக்குழாய் சுருங்கிய இதயத்தால் அந்தத் தேவையைத் திடீரென்று ஈடுகட்ட முடியாமல் போனால் நெஞ்சு வலி வரும். இளம் வயதில், வேறு நோய் இல்லாத ஒருவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் என்று கணக்கிட்டு முழு அளவையும் முதலிலேயே கொடுத்துவிடலாம். வயதான இதய நோயாளிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது, 12.5 அல்லது 25 எனக் கூட்டி, 6 முதல் 8 வாரம் பொறுத்து, இரத்தம் பார்த்து, பிறகுதான் அடுத்த படி.

இலக்கும் வேறு. எழுபது வயதைக் கடந்தவர்களுக்கு டி.எஸ்.எச் 4 முதல் 6 வரை இருந்தாலே போதும் என்பது மருத்துவர்கள் பலர் பின்பற்றும் நெறி. இந்த வயதில் மிகையான அளவு நீடித்தால் இதயத்துடிப்பு ஒழுங்கு தவறும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும், அதன் தொடர்ச்சியாகப் பக்கவாதமும், எலும்பு மெலிந்து முறிவதும் நேரக்கூடும். அந்தத் துடிப்புக் கோளாறு சில முதியவர்களுக்கு வெறும் அசதியாகவும், மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவதாகவும் மட்டுமே தெரியும். “வயசாகிவிட்டது, அப்படித்தான்” என்று விட்டுவிடாதீர்கள். அவர் இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர் என்றால், தைராய்டு அளவு கூடும்போது அம்மருந்தின் வீரியமும் கூடும் என்பதால், இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர் பரிசோதனையை முன்கூட்டியே செய்ய வேண்டும். நீரிழிவு இருந்தால் சர்க்கரையையும் அடிக்கடி பாருங்கள்.

ரமலான் நோன்பு நாள்களில் மாத்திரையை எப்போது எடுப்பது? – காயல்பட்டினம் வாசகி

சஹர் உணவுக்கு அரை மணி நேரம் முன்பாக எழுந்து எடுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால், இஃப்தாரும் இரவு உணவும் முடிந்து 3 மணி நேரம் கழித்துப் படுக்கும்போது எடுத்துக்கொள்ளலாம். இரண்டில் எது உங்களுக்குத் தவறாமல் நடக்குமோ அதையே மாதம் முழுவதும் பின்பற்றுங்கள். அளவு புதிதாகக் கூட்டப்பட்டிருந்தால், நோன்பு முடிந்து பழைய நேரத்துக்குத் திரும்பிச் சில வாரங்கள் ஆன பிறகு டி.எஸ்.எச் பார்ப்பதே தெளிவான விடை தரும்.

ஆறு வாரக் கர்ப்பம். ஏற்கெனவே 75 எடுக்கிறேன். மருத்துவர் 100 ஆக்கிவிட்டார். இவ்வளவு அளவு குழந்தையைப் பாதிக்காதா? – திருச்சி வாசகி

பாதிக்காது, அம்மா. குறைவாக எடுப்பதுதான் பாதிக்கும். குழந்தையின் தைராய்டு சுரப்பி ஏறத்தாழ 12-ஆம் வாரத்தில்தான் வேலையைத் தொடங்குகிறது. அதுவரை அதன் மூளை வளர்ச்சிக்குத் தேவையான தைராக்ஸின் முழுவதும் உங்களிடமிருந்தே போக வேண்டும். அதனால்தான், கர்ப்பம் உறுதியான உடனேயே மாத்திரையை நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை கூட்டுகிறோம். உங்கள் மருத்துவர் அதையே செய்திருக்கிறார். கர்ப்பத்தில் நாடி இயல்பாகவே சற்று வேகமாக இருக்கும் என்பதால், லேசான படபடப்பைக் கண்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். சந்தேகம் வந்தால் இரத்தம் பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாம்.

கர்ப்பத்தின் பாதிக்காலம் வரை 4 வாரங்களுக்கு ஒரு முறை டி.எஸ்.எச் பார்க்க வேண்டும், அது 2.5-க்குக் கீழே இருப்பது நல்லது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை விடாமல் எடுங்கள்; ஆனால் காலையில் தைராய்டு மாத்திரை என்றால், அவற்றை மதிய உணவுக்கும் இரவு உணவுக்கும் தள்ளிவையுங்கள். பிரசவம் முடிந்ததும் பெரும்பாலும் பழைய 75-க்கே திரும்பிவிடலாம். அதன்பின் 6 வாரத்தில் ஒரு பரிசோதனை. தாய்ப்பால் கொடுக்கும் காலத்திலும் மாத்திரையைத் தொடரலாம்.