சுதி சேரலைன்னா கணக்கைப் பாருங்க

கேள்வி: கோபி பக்கம் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் நான்காம் வகுப்பு எடுக்கிறேன். 1/2 பெரிதா, 1/3 பெரிதா என்று கேட்டால், 'ரெண்டை விட மூணுதானுங்க டீச்சர் பெருசு' என்கிறார்கள். இசைக்கருவி செய்ய வைத்துக் கணக்கு சொல்லித் தரலாம் என்று ஒரு பயிற்சியில் சொன்னார்கள். எனக்குச் சங்கீதம் தெரியாது. இது நடக்குமா, வெறும் விளையாட்டாகப் போய்விடுமா?
- ஆசிரியை, கோபிசெட்டிபாளையம்

பதில்: நடக்கும் டீச்சர். சங்கீதமும் தெரிய வேண்டாம், ஸ்கேலும் காதும் போதும். ஆனால் வாய்ப்பாட்டை ராகம் போட்டுப் பாட வைப்பதை நான் இதில் சேர்க்க மாட்டேன், அதில் மனப்பாடம் நடக்கும், பின்னம் புரியாது.

உங்கள் பக்கம் தோட்டத்துக்குத் தண்ணீர்க் குழாய் போட்டது போக அரை இஞ்ச் பிவிசி துண்டுகள் எப்படியும் கிடக்கும், பெற்றோரிடம் கேட்டாலே வந்துவிடும். 24 செ.மீ. துண்டு ஒன்றை எடுத்து, ஒரு முனையை உள்ளங்கையில் சட்டென்று தட்டி அப்படியே அழுத்திப் பிடியுங்கள். 'டொப்' என்று ஒரு சுரம் வரும். அதை 'ச' என்று வைத்துக்கொண்டால் முக்கால் நீளம், 18 செ.மீ., 'ம'. மூன்றில் இரண்டு பங்கு, 16 செ.மீ., 'ப'. பாதி, 12 செ.மீ., மேல் 'ச'.

இதை முதலிலேயே சொல்லிவிடாதீர்கள். நான் வகுப்பில் இருந்தபோது, 'உங்க இஷ்டத்துக்கு ஏழு குழாய்க்கு அளவு குறிங்க' என்று விட்டேன். பிள்ளைகள் 24, 22, 20 என்று 2 செ.மீ. குறைத்துக்கொண்டே 12 வரைக்கும் வந்தார்கள். வரிசையாகத் தட்டினால் பெரிய குழாய்ப் பக்கம் சத்தம் மெல்ல ஏறுகிறது, சின்னக் குழாய்ப் பக்கம் வர வர எட்டிக் குதிக்கிறது. 'அதே ரெண்டு செண்டிமீட்டர்தானுங்க கழிச்சோம், ஏனுங்க இப்படி?' என்று ஒரு பெண் கேட்டாள். அந்தக் கேள்விக்காகத்தான் டீச்சர் இவ்வளவும். 24-ல் 2 என்பது பன்னிரண்டில் ஒரு பங்கு, 14-ல் அதே 2 ஏழில் ஒரு பங்கு. 1/12-ஐ விட 1/7 பெரிது என்று காதே சொல்லிவிட்டது, அப்புறம் 1/2, 1/3 பற்றி அந்த வகுப்பில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

முதலில் சொன்ன ச, ம, ப, மேல் ச நான்கு குழாய்க்கும் சேர்த்து 70 செ.மீ. ஆகிறது. 3 மீட்டர் குழாயில் எத்தனை செட் வரும், எவ்வளவு மிஞ்சும் என்பதையும் அவர்களே போடட்டும் (நான்கு செட், மீதி 20 செ.மீ.). ஆக்சா பிளேடு மட்டும் உங்கள் கையிலேயே இருக்கட்டும், பிள்ளைகள் அளந்து குறிப்பார்கள், வெட்டிய முனையை உப்புத்தாளில் தேய்ப்பார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். மேல் 'ச' கொஞ்சம் இறங்கிக் கேட்கும். குழாய்க்குள் அதிரும் காற்று திறந்த வாயைத் தாண்டிச் சற்று வெளியிலும் அதிர்வதுதான் காரணம், உங்கள் அளவில் தப்பில்லை. 12 செ.மீ. குழாயில் கால் செ.மீ. தேய்த்தால் சேர்ந்துவிடும்.

கேள்வி: பெண் மூன்றாவது படிக்கிறாள். 3-ம் வாய்ப்பாடும் 4-ம் வாய்ப்பாடும் எங்கே சேரும் என்பது அவளுக்குப் பிடிபடவே இல்லை. ஏதாவது வழி?
- வாசகர், பொள்ளாச்சி

பதில்: நீங்கள் 'தகிட தகிட' என்று சொல்லுங்கள், அவள் 'தகதிமி தகதிமி' சொல்லட்டும். இரண்டு பேரும் ஒரே வேகம், 'த' வரும்போது மட்டும் ஒரு தட்டு. உங்கள் தட்டு மூன்றுக்கு ஒன்று, அவளுடையது நான்குக்கு ஒன்று. பன்னிரண்டு எழுத்து முடிந்த கையோடு இரண்டு 'த'வும் ஒன்றாக விழும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் இருந்தால் கும்மி மாதிரி வட்டமாக நிறுத்தி, பாதிப் பேருக்கு மூன்று, பாதிப் பேருக்கு நான்கு என்று பிரித்துவிடுங்கள். அது பிடிபட்டதும் ஒருத்தருக்கு 'தகதகிட' கொடுத்து (இதில் முதல் 'த'வுக்கு மட்டும் தட்டு), நான்கோடு ஐந்து எங்கே சேரும் என்று அவளையே தட்டிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.