மாட்டுத்தாவணிப் பூக்கணக்கு

தம்பி, திருமங்கலத்திலிருந்து நீங்க எழுதினதைப் படிச்சேன். எம்.ஏ. பொருளாதாரம் முடிச்சாச்சு, நெதர்லாந்தில், பொருளாதாரத்தைப் புள்ளிவிவரத்தால அளக்கிற எக்கனோமெட்ரிக்ஸ் மாஸ்டர்ஸ் சேரப் போறீங்க. "ஸ்டேட்டாங்கிற புள்ளிவிவர சாஃப்ட்வேர் கத்துக்கிட்டு வரணுமாக்கா, கணக்குல தாக்குப்பிடிச்சிருவேனா, அங்க பொழப்பு எப்படி"ன்னு கேட்டிருக்கீங்க. நான் நிலக்கோட்டைக்காரி. ராட்டர்டாமுக்கு வந்து 11 வருஷம் ஆச்சு. இதே படிப்புதான் படிச்சேன்.

ஸ்டேட்டாவைப் பத்திக் கவலையே வேண்டாம். காசு கொடுத்து வாங்காதீங்க. அதே வேலையைச் செய்யுற ஆர்ங்கிற சாஃப்ட்வேர் இலவசம், அதைப் பழகுங்க. கணக்கு விஷயத்தில் மட்டும் அசட்டையா இருந்துராதீங்க. ஒண்ணு மாறினா இன்னொண்ணு எவ்வளவு மாறுதுன்னு அளக்கிற ரிக்ரஷனை நம்ம ஊர்ல ரெண்டு மாறியோட, கூட்டல் குறி போட்டுப் படிச்சிருப்போம். இங்க முதல் நாளே எல்லாம் மேட்ரிக்ஸ்ல, அதாவது எண்களைக் கட்டம் கட்டமா அடுக்கின அணிகள்ல ஓடும். புள்ளிகளுக்கு நல்லாப் பொருந்துற கோட்டைத் தர்ற லீஸ்ட் ஸ்கொயர்ஸ் சூத்திரத்தை மேட்ரிக்ஸ் வடிவத்தில், புத்தகத்தை மூடி வச்சிட்டு, உங்க கையாலேயே எழுதி வரவழைக்கத் தெரியுதான்னு பாருங்க. வந்தா பயமில்லை. வரலைன்னா விசா வர்ற வரைக்கும் அதுதான் வேலை.

ஆனா இங்க எல்லாரும் முட்டிக்கிட்டு நிக்கிற இடம் கணக்கு இல்லை. அந்த இடம் உங்களுக்குப் பாதி தெரிஞ்ச விஷயம்தான், பேர்தான் தெரியாது.

எங்க வீட்ல அரை ஏக்கர் மல்லி. விலை நல்லா இருக்கிற நாள்ல அப்பா பூ மொட்டுகளை மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கே கொண்டு போயிருவார். கமிஷன் கடையில போடுற சீட்டையெல்லாம் ஒரு கம்பியில குத்தி வைப்பார். அந்தச் சீட்டுகளை எடுத்து, ஒரு பக்கம் அன்னிக்கு வந்த பூ, இன்னொரு பக்கம் விலைன்னு புள்ளி வச்சா என்ன கோடு கிடைக்கும்? வாங்குறவங்களோட டிமாண்ட் கோடா, விக்கிறவங்களோட சப்ளை கோடா? ரெண்டுமில்லை. முகூர்த்த நாள்ல வாங்குற பக்கம் நகருது, பனி அடிச்சா வரத்துப் பக்கம் நகருது, நம்ம கையில இருக்கிறது ரெண்டும் வெட்டிக்கிட்ட புள்ளிகள் மட்டும். இந்தக் கோடுகளை எப்படிப் பிரிச்சு அடையாளம் காணுறதுங்கிறதைத்தான் இங்க ஐடென்டிஃபிகேஷன்னு ஒரு செமஸ்டர் முழுக்கச் சொல்லித் தருவாங்க. 1928-லேயே பிலிப் ரைட்ங்கிற அமெரிக்கர், எண்ணெய் வகைகள் மேல போடுற இறக்குமதி வரியைப் பத்தின புத்தகத்தோட பின்னிணைப்புல வழி சொல்லிட்டார்: வரத்தை மட்டும் அசைச்சு, வாங்குறவங்களைத் தொடாத ஒண்ணைப் பிடி, அதோட அசைவை வச்சு டிமாண்டை அள. நியூயார்க்கோட ஃபுல்டன் மீன் சந்தையில கடல் புயல் அந்த வேலையைச் செஞ்சதை வகுப்புல எடுப்பாங்க. புயல் அடிச்சா மீன் வரத்துக் குறையும், ஊருக்குள்ள சாப்பிடுறவனுக்குப் பசி மாறாது.

இதைக் கேட்டதும் எனக்கு ஒரே குஷி. மல்லிக்கு மார்கழிப் பனி இருக்கே! டுடோரியல்ல கையைத் தூக்கிச் சொல்லியும் விட்டேன். பாடம் எடுத்தவர் நிதானமா ஒரு கேள்வி கேட்டார்: "அந்த மாசத்துல பூ வாங்குறவங்க பழக்கம் மாறாதா?" எனக்கு முகம் செத்துப் போச்சு. மார்கழியில எந்த வீட்ல கல்யாணம் வைப்பாங்க? வரத்தும் குறையுது, கல்யாணமும் நிக்குது. தை பிறந்ததும் பனி அப்படியே இருக்க, முகூர்த்தம் மட்டும் வரிசை கட்டி நிக்கும். பொங்கலை ஒட்டிக் கிலோ ஆயிரக்கணக்கில போறது அதனாலதான். ஆக மாசத்தை எடுத்தா கதை கெட்டுது. ஒரே மாசத்துக்குள்ள, முகூர்த்தமில்லாத நாட்களை மட்டும் வச்சு, பனி கூடின நாளையும் குறைஞ்ச நாளையும் ஒப்பிட்டா கொஞ்சம் தேறும். இந்தப் பஞ்சாங்க அறிவு வகுப்புல என்கிட்ட மட்டும்தான் இருந்துச்சு. இருந்தும் நான் அதைப் பயன்படுத்தலை, அவர் கேட்ட பிறகுதான் ஞாபகம் வந்துச்சு.

முதல் ரிப்போர்ட்டும் அப்படித்தான் சொதப்பினேன். வருஷா வருஷம் ஏறிக்கிட்டே போற ரெண்டு புள்ளிவிவரத் தொடரை எடுத்து ஒண்ணு மேல ஒண்ணு ரிக்ரஷன் போட்டேன். கோடு எவ்வளவு பொருந்துதுன்னு சொல்ற ஆர்-ஸ்கொயர் 0.97, உச்சமே 1-தான். அன்னிக்கு ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்னா பாத்துக்கோங்க. திரும்பி வந்த தாள்ல மதிப்பெண்ணே இல்லை. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத ரெண்டு ராண்டம் வாக் (நேத்து இருந்த இடத்திலிருந்து குருட்டாம்போக்கில ஒரு அடி நகர்ற தொடர்) உருவாக்கி, நூறு தடவை ரிக்ரஷன் ஓட்டிப் பாருன்னு எழுதியிருந்துச்சு. ஓட்டினேன். முக்கால்வாசித் தடவை "சம்பந்தம் இருக்கு"ன்னே விடை வந்துச்சு. கிரேஞ்சர், நியூபோல்ட்ங்கிற பொருளாதார வல்லுநர்கள் 1974-ல காட்டின அதே சங்கதி: இப்படி அலையுற தொடர்கள் பொய்யாவே ஒத்துப் போகும். உங்க எம்.ஏ. ப்ராஜெக்ட்ல ஆர்-ஸ்கொயர் 0.9-க்கு மேல இருந்தா, கிளம்புறதுக்கு முன்னாடி அதை ஒரு தடவை எடுத்துப் பாருங்க, சிரிப்பு வரும்.

மார்க் விஷயத்திலும் மனசைத் தயார்படுத்திக்கோங்க. இங்க பத்துக்குத்தான் மார்க், 5.5 எடுத்தா பாஸ், 8 வாங்கினவன் கெட்டிக்காரன். 7-ன்னு வந்ததைப் பாத்துட்டு வீட்ல 70 சதவீதம்னு சொல்லிராதீங்க, அப்பா நொந்து படுத்துருவார்.

பொழப்பு பத்தி. படிப்பைவிட ரூம் கிடைக்கிறதுதான் கஷ்டம். இடம் உறுதியான அன்னிக்கே பல்கலைக்கழக விடுதிக்கு எழுதிப் போடுங்க. வீட்டை யாரும் நேர்ல பாக்காம, வீடியோ காட்டினான்னு அட்வான்ஸ் அனுப்பாதீங்க. எனக்கு அப்படி ஒரு மாச வாடகை போச்சு, இன்னும் வயிறு எரியுது. நகராட்சியில பதிவு பண்ண முடியாத ரூம் எவ்வளவு மலிவா இருந்தாலும் வேண்டாம், பதிவு இல்லாம பிஎஸ்என்ங்கிற அரசு அடையாள எண் வாங்குறது பெரிய பாடு. பகுதி நேர வேலையை நம்பிக் கடன் கணக்குப் போடாதீங்க. நமக்கு வாரத்துக்கு 16 மணி நேரம்தான், இல்லைன்னா ஜூன், ஜூலை, ஆகஸ்ட்ல மட்டும் முழு நேரம். அதுக்கும் வேலை கொடுக்கிறவர் பெர்மிட் எடுக்கணும். படிச்சு முடிச்ச பிறகு வேலை தேட ஒரு வருஷ அனுமதி தர்றாங்க, மூணு வருஷத்துக்குள்ள அதைக் கேட்டு வாங்கிக்கலாம்.

டிசம்பர்ல காலை எட்டே முக்காலுக்குத்தான் விடியும், சாயங்காலம் நாலரைக்கு இருட்டிரும். மதியம் எல்லாரும் வாட்டாத ரொட்டியில சீஸ் வச்சுக் கடிப்பாங்க. நீங்க டப்பாவைத் திறந்து தயிர் சோறு சாப்பிடுங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. தென்னமெரிக்காவோட சுரிநாம் நாட்டுக்காரங்க கடையில பாகற்காய், முருங்கைக்காய் எல்லாம் கிடைக்கும்.

சும்மா இருக்கிற இந்த ரெண்டு மாசத்துல பிஎல்எஃப்எஸ் தரவை இறக்குங்க. அது இந்திய அரசு 2017-ல தொடங்கின தொழிலாளர் சர்வே, வீடு வாரியா விவரம் இலவசமாவே இருக்கு. தமிழ்நாட்டை மட்டும் பிரிச்சு, வெயிட் (சர்வே எடுத்த ஒவ்வொருத்தரும் மொத்த மக்கள்ல எத்தனை பேருக்குச் சமம்னு சொல்ற எண்) போட்டு ஒரு தடவை, போடாம ஒரு தடவை, வேலைக்குப் போற பெண்கள் எத்தனை சதவீதம்னு எடுத்துப் பாருங்க. ரெண்டு விடையும் ஏன் ஒத்துப் போகலைன்னு அரைப் பக்கம் எழுதி எனக்கு அனுப்புங்க, படிச்சுச் சொல்றேன்.

பெட்டியில பருப்புப் பொடி, புளி, சீரகம் எவ்வளவு வேணாலும் வைங்க. அம்மா நெய்யும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் வைக்கப் பாப்பாங்க, வைக்க விடாதீங்க. பால் சாமான் ஏர்போர்ட்ல பிடிபட்டா குப்பைக்குத்தான் போகும். எனக்குன்னு மல்லிச் சரம் கட்டிக் கொண்டு வரவும் வேண்டாம் தம்பி, பூவுக்கும் சர்டிஃபிகேட் கேக்குறாங்க.